பேட்டைக்கும் மஞ்சேரிக்கும் நடுவே

1962 பொதுத்தேர்தலில் கேரளத்தின் மஞ்சேரி தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் ஒரு தமிழர். பெயர் முகம்மது இஸ்மாயில். காயிதே மில்லத் என்று சொன்னால்தான் நமக்குத் தெரியும். 1967-லும் 1971-லும் அதே மஞ்சேரி அவரையே திரும்ப அனுப்பியது. 1972 ஏப்ரல் 5 அன்று இறந்தபோதும் அவர் மஞ்சேரியின் உறுப்பினர்தான். பிறந்தது, 1896 ஜூன் 5 அன்று, திருநெல்வேலி பேட்டையில்.

மலையாளம் பேசும் ஏறநாட்டுச் சனங்கள் ஒரு நெல்லைத் தமிழருக்கு மூன்று முறை ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எதனால்? முஸ்லிம் லீக் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அதில் தப்பில்லை. ஆனால் இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கிற சங்கதி ஒன்று அந்தக் கட்சியின் வெற்றிகளுக்கு ரொம்ப முந்தியது. அது 1920-லிருந்து 1922 வரை நடந்தது. அதில் ஒரு யுத்தம் இருக்கிறது, ஒரு சரக்குப் பெட்டி இருக்கிறது, தமிழ் மண்ணில் நள்ளிரவில் திறக்கப்பட்ட ஒரு கதவும் இருக்கிறது. இதை நாம் கேரள வரலாறு என்று ஒதுக்கிவிட்டோம், அல்லது முஸ்லிம்களின் வரலாறு என்று. இரண்டு விதத்திலும் நம் கணக்கில் சேராமல் போய்விட்டது.

நான் பேட்டையில் வளர்ந்தவன். டவுனுக்கு மேற்கே, சேரன்மகாதேவி போகிற சாலையில் இருக்கிற ஊர் அது. பேட்டை என்றாலே சந்தை கூடும் இடம். துணியும் தறியும் வியாபாரமும் ஊரின் பிழைப்பு. இஸ்மாயிலின் தகப்பனார் மியாகான் ராவுத்தரும் துணி வியாபாரிதான், மார்க்க அறிஞரும்கூட. ஊர் வழியாகப் போகும் ரயில் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு என்று மலையைத் தாண்டிக் கொல்லத்துக்கு இறங்கும். 1904-லேயே அந்தத் தடம் வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒருபோதும் அயல்நாடாக இருந்ததில்லை.

இஸ்மாயில் 1920-ல் பி.ஏ. தேர்வை எழுதாமல் ஒத்துழையாமை இயக்கத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்பது சர்க்கார் உத்தியோகத்துக்குச் சாவி. அதை வேண்டாம் என்று வைத்த தலைமுறையின் முதல் முழக்கம் கிலாஃபத். அதாவது, தோற்றுப்போன துருக்கி சுல்தானின் கலீஃபா பதவியையும் அவர் பொறுப்பிலிருந்த புனிதத் தலங்களையும் பிரிட்டன் பிடுங்கக் கூடாது என்ற கோரிக்கை. இதை ஒரு டீக்கடைப் பேச்சில் நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்டான்: "துருக்கி ராஜாவுக்கு வலிச்சா பேட்டைக்காரன் ஏன்டே கத்தணும்?"

நல்ல கேள்வி. பாடப்புத்தகம் இதைக் கேட்பதே இல்லை. கிலாஃபத் என்று ஒரு வரி, அலி சகோதரர்கள் என்று ஒரு வரி, அப்புறம் சௌரி சௌரா.

*

முதல் உலகப்போர் 1918 நவம்பரில் முடிந்தது என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். ஐரோப்பாவுக்கு அது சரி. காலனி நாடுகளுக்கு யுத்தம் முடியவில்லை, இடம்தான் மாறியது. 1919 ஏப்ரலில் அமிர்தசரஸ். அடுத்த மாதமே ஆப்கானிஸ்தானோடு போர்; மே 24 அன்று காபூல் மேல் பிரிட்டிஷ் விமானம் குண்டு போட்டது. 1920-ல் இராக்கில் கிளர்ச்சி. அடக்கப் போனதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போன சிப்பாய்கள். 1921 ஜூலையில் மொராக்கோவின் ரிஃப் மலைகளில் அப்துல் கரீமின் ஆட்கள் ஸ்பெயின் படையை அன்வால் என்ற இடத்தில் நொறுக்கினார்கள். பதிலுக்கு ஸ்பெயின் பிற்பாடு விஷவாயுக் குண்டுகளைப் பயன்படுத்தியது. இரண்டு உலகப்போர்களுக்கு நடுவிலான இருபது ஆண்டுகளைச் 'சமாதான காலம்' என்று சொல்வதெல்லாம் லண்டன், பாரிஸ் கணக்கு.

இதில் இந்தியர்களுக்கு நேரடிப் பங்கு இருந்தது. போரின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். அதில் பெரும்பங்கு மெசபடோமியாவுக்கு, அதாவது துருக்கியோடு சண்டை போட. முஸ்லிம் சிப்பாய்களும் அதில் உண்டு. துருக்கியர்களின் சொந்த நிலத்தையும் தலைநகரையும் பறிக்கப் போவதில்லை என்று பிரதமர் லாயிட் ஜார்ஜ் 1918 ஜனவரி 5 அன்று பொதுமேடையில் சொன்னார். 1920 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான செவ்ரே ஒப்பந்தம் அந்த நிலத்தையே கூறு போட்டது. ஆக, கிலாஃபத் கோபத்தின் அடியில் மதப்பற்று மட்டும் இல்லை. எங்கள் ஆட்களை வைத்து ஜெயித்துவிட்டு எங்களிடம் சொன்ன சொல்லை மாற்றுகிறாயே என்ற கோபமும் இருந்தது. கடனுக்குத் துணி கொடுத்து வாங்கும் ஊருக்கு, வாக்குத் தவறுவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

*

1920-ல் சென்னை மாகாணத்தில் நடந்த இரண்டு மாநாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். திருநெல்வேலி எப்படியோ மலபாரும் அப்படித்தான்: ஒரே கவர்னர், ஒரே கோட்டை, ஒரே சிறைத்துறை.

முதலாவது, ஏப்ரல் 28-ல் மஞ்சேரியில் கூடிய மலபார் மாவட்ட அரசியல் மாநாடு. அன்னிபெசன்ட் அம்மையார் மிதமான பாதையை வற்புறுத்தினார், கூட்டம் கேட்கவில்லை. கிலாஃபத்துக்கு ஆதரவான தீர்மானம் நிறைவேறியது. அதோடு, குத்தகைதாரர்களின் உரிமையைப் பற்றியும் பேசினார்கள். மலபாரில் நிலம் ஜென்மிகளிடம் இருந்தது. அவர்களுக்குக் கீழே காணக்காரர், அதற்கும் கீழே வெறும்பாட்டக்காரர். ஏறநாட்டில் அந்த அடித்தட்டில் பெரும்பாலோர் மாப்பிளைமார். எந்த நேரமும் நிலத்தைவிட்டு இறக்கிவிடப்படலாம். நூறு வருஷமாக அங்கே அவ்வப்போது கலகம் வெடித்தது. அதற்கு வேர் நிலத்தில் இருக்கிறது என்று வில்லியம் லோகன் 1880-களிலேயே சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது, ஜூனில் திருநெல்வேலியில் எஸ். சீனிவாச ஐயங்கார் தலைமையில் கூடிய மாகாண மாநாடு. நாட்டைப் பிடித்திருந்த ஒத்துழையாமைப் பேச்சு இங்கேயும் வந்தது. ஆனால் தமிழகம் இந்த மாநாட்டை நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக: வகுப்புவாரிப் பிரதிநிதித்துவக் கோரிக்கையைப் பெரியார் காங்கிரசுக்குள் எழுப்பத் தொடங்கியது இங்கேதான். அதைத் தலைவர் அனுமதிக்கவில்லை. ஐந்து வருஷம் மாநாடு மாநாடாகக் கேட்டுவிட்டு 1925-ல் காஞ்சிபுரத்திலிருந்து அவர் வெளியேறிய கதை எல்லோருக்கும் தெரியும்.

துருக்கி என்ற தூரத்துக் காரணம் மேடையைப் போட்டுக் கொடுத்தது. அதில் ஏறியவர்கள் அவரவர் வீட்டுப் பிரச்சினையைப் பேசினார்கள்: ஏறநாட்டில் நிலம், நெல்லையில் பிரதிநிதித்துவம். என் நண்பன் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இது.

அதே வருஷம் பாரதியார் நெல்லைச் சீமையில் கடையத்தில் இருந்தார். பக்கத்திலிருக்கும் பொட்டல்புதூரில் முஸ்லிம்கள் கூட்டிய கூட்டத்தில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசினார். தாமிரபரணிக் கரையில் அப்போது அப்படியொரு காற்று அடித்தது. ஓராண்டு கழித்து, 1921 செப்டம்பர் 11 அன்று சென்னையில் பாரதி இறந்தபோது, மலபாரில் ராணுவச் சட்டம் அமலில் இருந்தது.

*

1921 ஆகஸ்ட் 20. கலெக்டர் தாமஸ் படையோடு திரூரங்காடிக்குப் போனார். அலி முஸ்லியாரையும் மற்ற கிலாஃபத் தலைவர்களையும் பிடிப்பது திட்டம். மம்புறம் பள்ளிவாசலை இடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. கூட்டம் திரண்டது, துப்பாக்கி வெடித்தது. சில நாட்களில் ஏறநாடு, வள்ளுவநாடு தாலுகாக்களில் சர்க்கார் என்று ஒன்று இல்லாமல் போனது. தந்திக்கம்பி அறுந்தது, தண்டவாளம் பெயர்ந்தது, கருவூலங்கள் கொள்ளை போயின. மஞ்சேரி, பாண்டிக்காடு வட்டாரத்தில் வாரியன்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜி தன் ஆட்சியை அறிவித்தார்.

சர்க்கார் இதைக் கலவரமாக நடத்தவில்லை, யுத்தமாகவே நடத்தியது. ஆகஸ்ட் 26 அன்று பூக்கோட்டூரில் சில மணி நேரச் சண்டை: ஒரு பக்கம் வாளும் கொஞ்சம் நாட்டுத் துப்பாக்கியும், எதிர்ப்பக்கம் இயந்திரத் துப்பாக்கி. நூற்றுக்கணக்கில் மாப்பிளைமார் விழுந்தார்கள். வந்திறங்கிய படைகளின் பட்டியலைப் பாருங்கள்: லெய்ன்ஸ்டர், டோர்செட், கூர்க்கா, கட்வாலி, பர்மாவிலிருந்து சின்-கச்சின். லெய்ன்ஸ்டர் அயர்லாந்தின் ரெஜிமென்ட். அந்த ஜூலை வரை அயர்லாந்தே பிரிட்டனோடு கெரில்லாப் போர் நடத்திக்கொண்டிருந்தது. மறுவருஷம் அயர்லாந்து தனி அரசானபோது லெய்ன்ஸ்டர் ரெஜிமென்டையே கலைத்துவிட்டார்கள். ஒரு அடிமை நாட்டை அடக்க இன்னொரு அடிமை நாட்டின் பிள்ளைகள்! இராக்கில் இந்தியச் சிப்பாய், மலபாரில் ஐரிஷ் சிப்பாய்.

இங்கே ஒன்றை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். கிளர்ச்சியாளர்களின் கையும் சுத்தமில்லை. முதலில் போலீஸ் ஸ்டேஷனும் ஜென்மி வீடுகளுமாக இருந்த குறி, மாதங்கள் போகப்போக சாதாரண இந்துக்கள் மேலும் திரும்பியது. கட்டாய மதமாற்றம் நடந்தது. துவ்வூரில் மனிதர்களை வெட்டிக் கிணற்றில் போட்டார்கள். படைக்கு உளவு சொன்னார்கள் என்று சந்தேகம். முஸ்லிம்களும் அந்தச் சந்தேகத்தில் செத்தார்கள். குடும்பம் குடும்பமாகச் சனங்கள் கோழிக்கோட்டுக்கு ஓடி வந்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு 1921-ஐ வீரகாவியமாகப் பாடுகிறவர்களை நான் நம்புவதில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு நிலத்தையும் ராணுவச் சட்டத்தையும் விட்டுவிடுகிறவர்களையும் நம்புவதில்லை.

*

காந்தி மதுரையில் அரைத்துணிக்கு மாறிய கதையை நாம் தமிழர்களுக்கேயான பெருமையோடு சொல்வோம். ஏழை விவசாயியைப் பார்த்தார், மேலாடையைக் கழற்றினார். பாதிக் கதை அது. 1921 செப்டம்பர் 14 அன்று காந்தியும் மௌலானா முகமது அலியும் சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். சென்னை முடித்து மலபாருக்குப் போவது எண்ணம். வால்டேர் ஸ்டேஷனில் முகமது அலியைக் கைது செய்தார்கள். முஸ்லிம்கள் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று கராச்சியில் போட்ட தீர்மானம்தான் குற்றம். காந்தி தனியாகப் பயணத்தைத் தொடர்ந்தார். மலபாருக்குள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை.

மதுரையில் செப்டம்பர் 22 அன்று அவர் உடை மாற்றியதில் அந்தத் துக்கமும் கலந்திருந்தது. முதலில் அக்டோபர் 31 வரைக்கும்தான் என்று அறிவித்தார். துக்கத்தின் அடையாளம் என்று அவரே சொன்னார். பிறகு அதுவே நிரந்தரமாயிற்று. மதுரை மேலமாசி வீதியைக் கடக்கும்போது எனக்கு வால்டேரும் ஏறநாடும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

*

நவம்பருக்குள் மலபார் சிறைகள் பிதுங்கின. கைதிகளை மாகாணத்தின் வேறு சிறைகளுக்கு ரயிலில் அனுப்பினார்கள். பயணிகள் பெட்டிக்குக் காவல் போட ஆள் அதிகம் வேண்டும், சனங்கள் பார்ப்பார்கள். சரக்குப் பெட்டி என்றால் கதவைச் சாத்தினால் போதும். அதற்கு முன்பும் பல தடவை இப்படி அனுப்பியிருந்தார்கள்.

19-ஆம் தேதி சாயங்காலம் திரூரில் 100 பேரை ஒரு சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். பெரும்பாலோர் மாப்பிளைமார், மூன்று பேர் இந்துக்கள். போக வேண்டிய இடம் பெல்லாரி. ஏழு மணி வாக்கில் வண்டி கிளம்பியது. பெட்டியில் காற்றுக்கு இருந்த துளைகளில் கம்பிவலை; வலையில் பெயின்டும் தூசியும் அடைத்திருந்தன. ஷொரணூர், ஒலவக்கோடு என்று வழியில் வண்டி நின்றது. உள்ளே கத்தினார்கள், கதவைத் தட்டினார்கள். யாரும் திறக்கவில்லை. உயிர் பிழைத்த ஒருவர், ஆணி கழன்ற ஒரு ஓட்டையில் மூக்கை வைத்து மூச்சு விட்டதாகப் பின்னாளில் சொன்னார்.

ஏறத்தாழ 140 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்கு மேல். நள்ளிரவு தாண்டி கோயம்புத்தூருக்கு முன்னால் இருக்கும் போத்தனூரில் கதவைத் திறந்தார்கள். 56 பேர் செத்திருந்தார்கள். மிச்சமிருந்தவர்களை கோவைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களிலும் பலர் பிழைக்கவில்லை. மொத்தம் 70. போத்தனூரில் கிடந்த உடல்களை அதே தடத்தில் திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

நாப் என்ற அதிகாரியின் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். காவலுக்கு வந்த சார்ஜென்ட் ஆண்ட்ரூஸ் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள், அவர் விடுதலையானார். செத்தவர் குடும்பத்துக்கு 300 ரூபாய் நஷ்டஈடு.

கேரளத்தில் இதற்கு 'வேகன் டிராஜடி' என்று பேர். திரூரில் அதன் பேரில் டவுன்ஹால் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். போத்தனூர் இப்போது தமிழ்நாட்டில், கோவை மாநகராட்சிக்குள் இருக்கிறது. அந்த நடைமேடையில் வண்டி மாறக் காத்திருந்த ஒரு மதியம் முழுக்க நடந்து பார்த்தேன். இங்கேதான் என்று சொல்லும் ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. டீ விற்றவரிடம் கேட்டேன். "அது கேரளாவுல நடந்ததுங்களே தம்பி" என்றார்.

*

யுத்தம் 1922 பிப்ரவரியோடு ஓய்ந்தது. வாரியன்குன்னத்து ஹாஜியை ஜனவரி 20 அன்று மலப்புறத்தில் சுட்டுக் கொன்றார்கள். அலி முஸ்லியாரின் கதை பிப்ரவரி 17 அன்று கோவைச் சிறையில் முடிந்தது. சர்க்கார் கணக்குப்படியே கிளர்ச்சியாளர்களில் 2,300க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிடிபட்டவர்களும் சரணடைந்தவர்களும் 45,000க்கு மேல். ஆயிரக்கணக்கானோர் நாடு கடத்தப்பட்டார்கள். அந்தமானுக்கு டூர் போனவர்கள் வண்டூர் கடற்கரையில் போட்டோ எடுத்திருப்பீர்கள். அந்தப் பெயர் ஏறநாட்டு ஊரின் பெயர். அந்தமானில் ஒரு மஞ்சேரியும் இருக்கிறது. தண்டனைக் கைதிகளாகப் போனவர்கள் விட்டு வந்த ஊரைப் போன இடத்தில் நட்டுவைத்தார்கள்.

இன்னொன்றும் மிச்சமாயிற்று. அந்த யுத்தத்துக்காகவே ராணுவப் பாணியில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் என்று ஒரு படையை 1921-ல் உருவாக்கினார்கள். யுத்தம் முடிந்தது, படை கலையவில்லை. அடுத்த வருஷமே அல்லூரி சீதாராம ராஜுவின் ரம்பா கிளர்ச்சியை அடக்கக் கோதாவரி மலைகளுக்குப் போனது. 1940-களின் கடைசியில் தஞ்சாவூர் ஜில்லாவில் செங்கொடி பிடித்த குத்தகை விவசாயிகளையும் பண்ணையாட்களையும் அடக்க வந்ததும் அதுதான். கீழத்தஞ்சையில் வயசாளிகளிடம் 'மலபார் போலீஸ்' என்று சொல்லிப் பாருங்கள். சுதந்திரம் வந்த பிறகும் அதே பேர், அதே லத்தி. ஏறநாட்டுக் குத்தகைக்காரனுக்காகச் செய்த ஆயுதம் கடைசியில் தஞ்சாவூர்க் குத்தகைக்காரன் முதுகில் இறங்கியது. 1921 அந்த மாநிலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கினால் இந்தத் தொடர்ச்சி நம் கண்ணுக்குத் தெரியாமலே போகும்.

*

செத்தவர்களை எந்தப் பட்டியலில் வைப்பது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2018-ல் திரூர் ரயில் நிலையச் சுவரில் வரைந்த வேகன் ஓவியத்தை எதிர்ப்பு வந்ததும் அழித்தார்கள். 2021-ல், நூறாவது வருஷத்தில், இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்தின் குழு ஒன்று தியாகிகள் அகராதியிலிருந்து மலபார்க்காரர்கள் 387 பேரை நீக்கப் பரிந்துரைத்தது. ஹாஜியும் அலி முஸ்லியாரும் அதில் அடக்கம். துவ்வூர்க் கிணற்றில் கிடந்தவனுக்கும் வேகனில் மூச்சுமுட்டிச் செத்தவனுக்கும் ஒரே சமயத்தில் துக்கம் கொண்டாட முடியாது என்பதுபோல ஒரு ஏற்பாடு. ஏன் முடியாது? வேகனில் மூன்று இந்துக்களும் இருந்தார்களே.

இனி பேட்டைக்காரருக்கு வருவோம். அவர் எந்தக் கலீஃபாவுக்காகத் தேர்வை விட்டாரோ, அந்தப் பதவியை 1924 மார்ச் 3 அன்று துருக்கியர்களே ஒழித்துவிட்டார்கள். கிலாஃபத்காரர்களுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் இருக்க முடியாது. ஆனால் அந்த நான்கைந்து வருஷத்தில் கற்றது வீண்போகவில்லை. ஒரு சமூகம் தன் குறையைச் சட்டசபையிலும் மாநாட்டிலும் சொல்ல வழியில்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு மலபார் கண் முன்னால் கிடந்தது. இஸ்மாயில் பின்னாளில் நடந்தது முழுக்க சட்டத்தின் பாதையில். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து வாதாடினார். தேசப் பிரிவினைக்குப் பிறகு, கட்சியைக் கலைத்துவிடு என்று எல்லாப் பக்கமும் நெருக்கியபோது, 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார். அவர் நிலைப்பாடுகளோடு எனக்கு ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. ஆனால் தோற்ற பக்கத்து மனிதர்களை ஓட்டுப்பெட்டிக்குக் கூட்டி வந்தது சின்ன வேலை இல்லை.

1962-ல் மஞ்சேரியில் ஓட்டுப் போட வரிசையில் நின்றவர்களில் ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் 1921 நேரில் தெரியும். தகப்பன் சுடப்பட்டவர்கள், அண்ணன் அந்தமானுக்குப் போனவர்கள், தாலுகாவைவிட்டே ஓடி உயிர் பிழைத்துத் திரும்பி வந்த இந்துக் குடும்பத்தார், எல்லோரும் அந்தத் தொகுதிக்காரர்கள்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இயந்திரத் துப்பாக்கி நின்ற மண்ணில் ஒரு சீட்டும் ஒரு மைக்கூடும் வைத்திருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது தாமிரபரணிக் கரைக்காரர் ஒருவரை.